வாடையில்லாத மீனெண்ணெய்

தூத்துக்குடியில் மீன் வாடை வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் இறால் பதப்படுத்தும் கூடமுமாக இருந்த தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காற்றில் கருவாட்டு வாடை வரும். எனக்கு அது பிடிக்கும். நன்றாக இழுத்துக்கொண்டு உள்ளே போவேன். போய்க் கையைக் கழுவி, தலைக்கு உறை மாட்டி, ஒரு ஸ்பூன் வெள்ளைப் பொடியை மூக்கருகே வைத்து, மீன் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். வந்தால் அன்றைய பொழுது வீண்.

அந்தப் பொடிக்குள் இருந்தது சாளை மீனின் எண்ணெய். இதயத்துக்கும் மூளைக்கும் நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற எண்ணெய்தான். ஆனால் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். கெட்டால் ஊரைக் கூட்டிவிடும். அதனால் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதமும் மாவுச்சத்தும் கலந்த மெல்லிய சுவர் ஒன்றை எழுப்ப வேண்டும். பால் போலிருக்கும் அந்தக் கலவையை இரண்டு ஆள் உயரத் தொட்டிக்குள் சூடான காற்றில் பீச்சினால், தண்ணீர் பறந்துபோய்ப் பொடி கீழே கொட்டும். மைக்ரோஎன்கேப்சுலேஷன் என்று நான் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்ததை, எங்கள் கூடத்தில் ‘பவுடர் அடிக்கது’ என்று சொன்னார்கள். ஒரு மாதத்தில் நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

வடக்கே ஒரு பிஸ்கட் கம்பெனி இந்தப் பொடியைக் கேட்டிருந்தது. குழந்தைகளுக்கான கிரீம் பிஸ்கட்டில், நடுவில் தடவும் கிரீமில் இதைக் கலக்கப்போகிறார்கள். அவர்கள் அனுப்பிய பட்டியலில் முதல் வரி, மீன் வாடை அறவே கூடாது. இரண்டாவது வரி, மீன் ருசி அறவே கூடாது. எண்ணெய் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஏழாவது வரியில் இருந்தது. பாக்கெட்டின் மேல் போட வேண்டிய அசைவக் குறியை எவ்வளவு சிறிதாகப் போடலாம் என்று தனியாக ஒரு மெயிலில் கேட்டிருந்தார்கள். சட்டப்படி எவ்வளவோ அவ்வளவு என்று எங்கள் மேனேஜர் பதில் போட்டார். மேனேஜர் நல்ல மனிதர். எதையும் ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் பாதி தானே சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

வாடை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எங்களிடம் ஓர் இயந்திரம் இருந்தது. அதைவிடப் பெரிய ஆள் ஒருவரும் இருந்தார். பக்கத்து இறால் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் சரக்குப் பிரித்த அக்கா. கூடைக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தே எது இன்றைய இறால், எது நேற்றையது என்று ஒதுக்குகிறவர். அவரை வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன். எண் போட்ட சின்னக் கிண்ணங்களில் கிரீமை வைத்து நீட்டுவேன். அவர் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை முகர்வார்.

“இது சாளை. இது சாளை. இதுவும் சாளைதான், ஆனா வெனிலாவ அள்ளிப் போட்டிருக்கிய. இது மட்டும் ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன கிண்ணம் எப்போதும் எண்ணெயே சேர்க்காத கிண்ணமாக இருக்கும்.

எட்டு மாதம் இப்படிப் போனது. மாவுச்சத்தை மாற்றினேன், புரதத்தை மாற்றினேன், சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். கடலிலிருந்து கொண்டல் காற்று வீசும் நாட்களில் பொடி ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகிவிடும். அந்த வாரம் முழுக்கக் கட்டியை உடைத்துக்கொண்டிருப்போம். ஒருநாள் அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய மேடம். மீன்ல செஞ்சா மீன் வாடைதான வரும். அதுல என்ன குத்தம்? அந்தப் பிள்ளையளுக்கு ரெண்டு சாளைய பொரிச்சுக் குடுத்தா முடிஞ்சு போச்சு.”

“அங்க உள்ள பிள்ளைங்க மீன் தின்னாதுக்கா.”

“தின்னாத பிள்ளைக்கு எதுக்கு மீனெண்ணெய்?”

இதற்குப் பதிலாக, சத்துக் குறைபாடு, கலப்பட உணவுக்கும் செறிவூட்டிய உணவுக்கும் உள்ள வேறுபாடு என்று நான் ஐந்து நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், “சரி, அடுத்த கிண்ணத்தக் கொண்டாங்க” என்றார்.

கடைசியில் வழி கிடைத்தது. சுவருக்கு மேல் இன்னொரு சுவர். பாமாயிலைக் கெட்டிப்படுத்திச் செய்த, மெழுகு மாதிரியான ஒரு கொழுப்பை உருக்கிப் பொடியின் மேல் பூசினேன். அப்படிப் பூசியதை ஆறு வாரம் சூடான அறையில் வைத்து, பிறகு கிரீமில் கலந்து அக்காவிடம் நீட்டினேன். அவர் ஒரு தடவை முகர்ந்தார். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, இரண்டாவது தடவையும் முகர்ந்தார். கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார்.

“இதுல ஒண்ணுமில்ல.”

நான் எண்ணைச் சரிபார்த்தேன். எண்ணெய் இருந்த கிண்ணம்தான்.

“நல்லாப் பாருங்கக்கா.”

“ஒண்ணுமில்லங்கேன். எண்ணெயே போடாம என்னைய சோதிக்கியளா?”

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை என் பெண் முதன்முதலாக நடந்த அன்றுகூட நான் அடையவில்லை என்று சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். பிஸ்கட் கம்பெனிக்கு மாதிரி போனது. அங்கே பத்துப் பேர் சாப்பிட்டுப் பார்த்தார்களாம், ஒருவருக்கும் தெரியவில்லையாம். மேனேஜர் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார். அதில் என் இனிஷியல் தப்பாக இருந்தது. அடுத்த வாரம் திருத்தித் தருவதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாசரேத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்தபின் அங்கேயே தனியாக இருக்கிறார். ரத்தத்தில் கொழுப்புக் கூடியிருக்கிறது என்று டாக்டர் தினமும் இரண்டு மீனெண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு மாத்திரையில் ஒரு பிரச்சினை. காலையில் போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போனால், பாட்டுப் பாடும் நேரத்தில் ஏப்பம் வரும். ஏப்பத்தில் சாளை வரும். முன் வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதாக அவர் சொன்னார்.

பிஸ்கட் கம்பெனியிலிருந்து மாதிரி பாக்கெட்டுகள் பெட்டி பெட்டியாக வந்தன. ஒரு சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனபோது நான்கு பாக்கெட் கொண்டுபோனேன். பெருமைதான், வேறென்ன. அவர் ஒன்றைத் தின்றுவிட்டு முன்னறையில் உட்கார்ந்து ஏப்பத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

“ஏளா, ஒரு பிஸ்கட்டுல எவ்வளவு எண்ணெய் இருக்கு?”

சொன்னேன். மாத்திரை டப்பாவை எடுத்து அதிலிருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். செய்தித்தாளின் ஓரத்தில் வகுத்தார்.

“ஒரு மாத்திரைக்கு மூணு பிஸ்கட். ரெண்டு மாத்திரைக்கு ஆறு. கணக்குச் சரிதான?”

கணக்குச் சரிதான். சரி என்றுதான் நானும் சொன்னேன். மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

அதன்பின் வாராவாரம் பிஸ்கட் போனது. அப்பா காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று சரியாகத் தின்றார். இரண்டு மாதத்தில் அவருடைய பல வருட மூட்டு வலி போய்விட்டது. மூட்டு வலிக்கென்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அதுவாகப் போய்விட்டது. இதை அவர் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. தம்மோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் கையில் பாக்கெட்டோடு நடந்துபோய், “எம்மவ கண்டுபுடிச்சது” என்று கொடுத்தார். அவர்களில் இரண்டு பேருக்கு முதுகு வலி விட்டது. ஒருவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எனக்குப் பெரிய மரியாதை. அறிமுகம் இல்லாதவர்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

மூன்றாம் மாதம் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை வந்தது. கொழுப்புக் குறையவில்லை, முன்பைவிட நன்றாகவே கூடியிருந்தது. நான் கூடப் போயிருந்தேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“மாத்திரையை விட்டுட்டீங்களா சார்?”

“மாத்திரை இல்ல. அதே மருந்து பிஸ்கட்டுல எடுக்கேன்.”

“எத்தனை?”

“ஆறு.”

“வாரத்துக்கா?”

“தினம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தினம் ஆறு கிரீம் பிஸ்கட் தின்றால் என்ன ஆகும் என்று அவர் விளக்கத் தொடங்கினார். சர்க்கரையைப் பற்றிச் சொன்னார், கிரீமில் உள்ள கொழுப்பைப் பற்றிச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். ஓர் உணவுத் தொழில்நுட்பப் பட்டதாரிக்கு அந்த அறையில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய சங்கதி அதில் எதுவும் இல்லை. எண்ணெயை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அதைச் சுற்றியிருந்த பிஸ்கட் தெரியாமல் போயிருந்தது.

ஆனாலும் மனதுக்குள் என் பொடிக்காக நான் வாதாடிக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஏற்றியது சரி. எண்ணெய் கொஞ்சமாவது இழுத்துப் பிடித்திருக்க வேண்டாமா? பொடி தன் வேலையைச் செய்தது என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திங்கட்கிழமை போனதும் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தேன். கண்ணாடிக் குடுவையில் உடம்பின் சூட்டுக்குத் தண்ணீரை வைத்து, வயிற்றில் இருப்பது போல அமிலமும் செரிக்க வைக்கும் நொதியும் விட்டு, அதில் பொடியைப் போட்டு இரண்டு மணி நேரம் ஆட்டுவது. பிறகு குடலில் இருப்பது போலப் பித்த உப்பும் வேறு நொதிகளும் விட்டு இன்னும் இரண்டு மணி நேரம் ஆட்டுவது. எந்த மாணவியும் செய்கிற சோதனை. எட்டு மாதத்தில் நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. பிஸ்கட் கம்பெனியின் பட்டியலில் அது இல்லை.

நான்கு மணி நேரம் கழித்து ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மணிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. உருண்டையாக, பளபளப்பாக, ஒன்றுகூடக் கலையாமல். நான் பூசிய கொழுப்பு உடம்பின் சூட்டில் உருகாத கொழுப்பு. சாளை எண்ணெய் வாயில் வெளிவராது, வயிற்றில் வெளிவராது, குடலிலும் வெளிவராது. அப்பா மூன்று மாதமாகத் தின்ற எண்ணெயில் பெரும்பகுதி அவரைத் தொடாமலே போய்விட்டது. அக்காவின் மூக்குக்குத் தப்பிய எதுவும் யார் குடலுக்கும் பிடிபடாது என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நம்ப முடியாமல் செவ்வாய்க்கிழமை ஒரு தடவையும் புதன்கிழமை ஒரு தடவையும் செய்தேன். மூன்று தடவையும் மணிகள் என்னை முழுசாகப் பார்த்தன.

வியாழக்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“எண்ணெய் உள்ள இருக்குல்லா?”

“இருக்கு சார். ஆனா வெளிய வராது.”

“லேபிள்ல மீனெண்ணெய் இருக்குன்னுதான போடுதோம். வெளிய வரும்னு போடலயே.”

“திங்கிறவங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல சார்.”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “நாளைக்குப் பேசுவமா?” என்றார். அவர் வழி தெரியுமாதலால் நான் எழுந்திருக்கவில்லை. சோதனைப் பதிவேட்டை விரித்து மேசைமேல் வைத்தேன். மூன்று நாள் முடிவுகளும் அதில் இருந்தன.

“பேனாவுல எழுதிட்டியளா?”

“பேனாவுலதான் எழுதணும் சார்.”

“பென்சில்ல எழுதியிருந்தா யோசிக்கலாம்.” பதிவேட்டை மூடினார். “ஆடிட்டுக்கு வாரவன் மொதல்ல இந்த நோட்டைத்தான் தூக்குவான். சரி, கம்பெனிக்கு எழுதிருவோம். நானே எழுதுதேன்.”

அவர் எழுதிய கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கள் பொடியின் பாதுகாப்புத் திறன் தேவைக்கும் மேலாக அமைந்துவிட்டது என்றும், அதனை நியாயமான அளவுக்குக் குறைக்கும் பணியில் எங்கள் விஞ்ஞானி ஈடுபட்டிருக்கிறார் என்றும் அதில் இருந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிஸ்கட் கம்பெனிக்காரர் போனில் கூப்பிட்டார். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். பாதுகாப்பைக் குறைக்க வேண்டாம், எங்களுக்குப் பழையதே திருப்தி என்றார் அவர். எண்ணெய் உடம்பில் சேராது என்று நான் குறுக்கே சொன்னேன். “குழந்தைகள் விரும்பிச் சாப்பிட வேண்டும் மேடம், முதலில் அதுதான்” என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். பழைய பொடி இனி வராது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போனை வைத்தபின் அவருக்கும் ஆச்சரியமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. “என் மவளும் கிரீம் பிஸ்கட் திங்கா” என்று மட்டும் சொன்னார்.

மெழுகுப் பூச்சை எடுத்துவிட்டு, உள்சுவரை மட்டும் சற்றுப் பலமாக்கினேன். குடுவைக்குள் இப்போது மணிகள் ஒழுங்காகக் கரைந்தன. எண்ணெய் வந்தது. இரண்டு வாரம் கழித்து அக்காவைக் கூப்பிட்டு நீட்டினேன்.

“சாளை” என்றார் உடனே. பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நல்ல சாளைதான் மேடம். கெட்டது இல்ல.”

இன்னும் நான்கு மாதம் முயன்றேன். வாடையை எவ்வளவோ குறைத்தேன். அக்கா வந்து கிண்ணத்தை எடுக்கும் வரை குறைந்திருக்கும். பிஸ்கட் கம்பெனி வேறு யாரிடமோ போய்விட்டது. தயாரித்து வைத்திருந்த புதுப் பொடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதை மேனேஜர் பூனைத் தீனி செய்யும் ஒரு கம்பெனிக்கு மாதிரி அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. செரிமானம் அருமை, பூனைகளின் ரோமம் பளபளக்கிறது, ஒரே ஒரு குறை, மீன் வாடை போதவில்லை.

அதன்பின் ஒன்றரை வருடம் வாடையைக் கூட்டுகிற வேலை பார்த்தேன். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. முதல்முறையாக எனக்கு யோசனைகூடச் சொன்னார். “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க மேடம், பூனைக்கு என்ன கூச்சமா?” மேனேஜர் எனக்கு இரண்டாவது கேடயம் கொடுத்தார். இனிஷியல் இந்தத் தடவையும் தப்புதான். ஆனால் வேறு தப்பு.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டி விளக்கினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அப்ப எனக்குள்ள ஒண்ணுமே போகலயா?”

“சீனி போச்சுப்பா. கிரீம் போச்சு.”

“அப்ப மூட்டு எப்படிளா சரியாச்சு?”

“தினம் பிஸ்கட்டத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் நடந்தீங்கள்லா. அதுல.”

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரையை மறுபடி தொடங்கினார், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்படிப் போட்டால் ஏப்பம் வரவில்லை. இதை டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது.

பிஸ்கட்டின் கதை அவருடைய நண்பர்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வெளியே, முதுகு வலி விட்ட வாத்தியார் ஒருவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அண்ணாச்சி, வலி திரும்பவும் வந்துட்டு. அந்த பிஸ்கட்டு ரெண்டு பாக்கெட் கெடைக்குமா?”

“அத நிறுத்திட்டாங்க.”

“எதுக்கு?”

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“ரொம்ப வீரியமா இருந்துச்சாம்.”

அந்த வாத்தியார் என்னை மரியாதையோடு பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.